எந்தக் கொட்டிலுக்கு எந்த வாளி

மெரியல் ப்ரீஸ் குதிரை லாயத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. அதற்கு முன் பதினாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிகளை இணைத்து இரண்டு தடங்களை நிறுத்தியபோது வேலை போயிற்று. ஃபிரான் டெவெரலின் லாயத்தில் குதிரை ஏற்றும் லாரியை ஓட்ட ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். லாரி ஓட்டாத நாட்களில் சாணி அள்ள வேண்டும் என்றார்கள். சரி என்றாள். குதிரைகளோடு அவளுக்கு அதுவரை எந்த உறவும் இல்லை. சாலையில் குதிரை வந்தால் பேருந்தின் வேகத்தைக் குறைத்துப் போவாள், அவ்வளவுதான்.

நான் அந்தப் பக்கத்தில் லாடம் அடிப்பவன். இங்கிலாந்தின் ஷ்ரோப்ஷையரில் எங்கள் மலைச்சரிவுகளில் முப்பது வருஷமாக இதுதான் என் தொழில். ஃபிரானின் லாயத்துக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு முறை போவேன், நடுவில் கூப்பிட்டாலும் போவேன். குதிரையின் காலை மடியில் வைத்துக்கொண்டு குனிந்து நிற்பவன் முன்னால் ஆட்கள் எதையும் பேசுவார்கள். அதனால் மெரியலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பெரும்பாலும் அவளுடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டு கேட்டவை.

இரண்டு வருஷம் போன பிறகு, லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓர்லா அவளை மூத்த குதிரைக்காரர் பயிற்சியில் சேரச் சொன்னாள். ஓர்லா அயர்லாந்துக்காரி, மெரியலைவிடப் பத்து வயது இளையவள், பன்னிரண்டு வயதிலிருந்து குதிரைகளோடு இருப்பவள்.

“மூத்தன்னா என்ன?” என்று மெரியல் கேட்டாள்.

“யாரையும் கேக்காம முடிவெடுக்கறது.”

“நான் எல்லாத்துக்கும் உன்னைக் கேக்கறேனே.”

“அதனாலதான் படிக்கச் சொல்றேன், மகராசி. எனக்குக் காது வலிக்குது.”

பயிற்சி ஒன்றரை வருஷம். வேலை எப்போதும்போல நடக்கும். கல்லூரியிலிருந்து ஒரு பயிற்சியாளர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை வந்து பார்ப்பாள். கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். இடையில் தினமும் குறிப்பு எழுத வேண்டும்: இன்று எதைச் செய்தீர்கள், எதைக் கற்றீர்கள், மறுபடி செய்தால் எப்படிச் செய்வீர்கள்.

மெரியலை முதலில் குழப்பியது அந்தக் குறிப்பேடுதான். கற்ற நேரத்தையும் வேலை செய்த நேரத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லியிருந்தார்கள்.

“ஒரு குதிரைக்குக் கட்டுப் போடறேன், லென். முதல் தடவை இறுகிடுச்சு. அவுத்துட்டு ரெண்டாம் தடவை போட்டேன், சரியா வந்துச்சு. இதுல எது படிப்பு, எது வேலை?”

“முதல் தடவை படிப்பு” என்றேன்.

“ரெண்டாம் தடவைதானே எனக்குத் தெரிஞ்சுது?”

இரண்டையும் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அடுத்த குழப்பம் நொண்டல். குதிரையைக் கயிற்றில் பிடித்து எதிரே ஓட்டிக்கொண்டு வரும்போது எந்தக் காலில் கோளாறு என்று சொல்ல வேண்டும். வலிக்கிற கால் தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தாழ்த்தும். பார்ப்பவர் கண்ணில் விழுவது தாழ்த்துவதுதான். மெரியல் நாலு மாதம் எல்லாக் குதிரைகளுக்கும் நல்ல காலையே நோயாளி ஆக்கினாள். பிறகு, தனக்குத் தோன்றுவதற்கு எதிரான காலைச் சொல்வது என்று முடிவு செய்தாள். அதற்குள் கண் பழகிவிட்டிருந்தது. அதனால் மறுபடியும் தவறான காலைச் சொன்னாள்.

“இவளுக்குத் தெரியுமா தெரியாதான்னே எனக்குத் தெரியமாட்டேங்குது” என்று ஓர்லா என்னிடம் சொன்னாள்.

அவளைக் கெட்டிக்காரி என்று நான் சொல்லமாட்டேன். கை மெதுவானது. ஒரு சேணத்தைப் பூட்டினால் மூன்று தடவை சரிபார்ப்பாள். பேருந்தில் குழந்தைகளை எண்ணி எண்ணி வந்த பழக்கம் என்பாள். ஆனால் குதிரைகள் அவளிடம் சாதுவாக நின்றன. அதற்குக் காரணம் அவளுடைய திறமையா, கனத்த உடம்பா என்று என்னால் சொல்ல முடியாது.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தபோது அந்த வாளி விவகாரம் நடந்தது.

லாயத்தில் பன்னிரண்டு கொட்டில்கள் வரிசையாக உண்டு. காலைத் தீனியை முந்தின நாள் மதியமே கலந்து, மூடி போட்டு, தீனி அறையில் அடுக்கி வைத்துவிடுவார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு யார் வருகிறாரோ அவர் வரிசையாகக் கொண்டுபோய்க் கொட்டுவார். எண் மூடியில் இருக்கும், வாளியில் இருக்காது. ஆறாம் எண் மூடி ஆறாம் கொட்டிலுக்கு. குதிரையின் பெயரை எழுதும் வழக்கம் அங்கே இல்லை. ஃபிரான் குதிரைகளைப் பழக்கி விற்பவள். குதிரைகள் வரும் போகும், கொட்டில்கள் அப்படியே இருக்கும்.

அப்போது ஆறாம் கொட்டிலில் ரோவன் என்ற குதிரை இருந்தது. அதன் அண்ணன் ஆல்டர் ஒன்பதாம் கொட்டிலில். ரோவனுக்கு முன்னங்கால் குளம்புக்குள் சீழ் வைத்திருந்தது. சனிக்கிழமை நான்தான் போய்க் கீறி வடித்துவிட்டு வந்தேன். மருத்துவர் வலிக்கு ஒரு தூள் கொடுத்திருந்தார். காலையிலும் மாலையிலும் தீனியில் ஒரு பொட்டலம் கலக்க வேண்டும்.

ஆல்டர் புதன்கிழமை நண்பகல் லாரியில் ஏற வேண்டியது. மூன்று நாள் குதிரையேற்றப் போட்டி. ஃபிரான் இந்தப் போட்டிக்காக இரண்டு வருஷமாகக் காத்திருந்தாள். முந்தின வருஷம் மழையில் மைதானம் மூழ்கி ரத்தானது. அதற்கு முந்தின வருஷம் அவளுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்திருந்தது. இதில் முடித்துக் காட்டினால்தான் ஆல்டரை அடுத்த படிக்குக் கொண்டுபோக முடியும். போட்டியில் குதிரைகளின் ரத்தத்தைச் சோதிப்பார்கள். எல்லாக் குதிரைக்கும் இல்லை, அவர்கள் பொறுக்கி எடுக்கிற குதிரைக்கு மட்டும். அந்த வலித்தூள் ஒரு பொட்டலம் உள்ளே போனால் ஒரு வாரம் வரை காட்டிக்கொடுக்கும். பிடிபட்டால் குதிரைக்கும் தடை, ஏறியவருக்கும் தடை. தெரியாமல் நடந்தது என்று யாரும் கேட்டுக்கொள்ளமாட்டார்கள்.

திங்கட்கிழமை மூன்று மணிக்கு மெரியல் மறுநாள் தீனியைக் கலந்தாள். ரோவனுடைய வாளியில் தூளைப் போட்டு, மேலே ஊறிய பீட் கிழங்குச் சக்கைக் கூழை ஊற்றிக் கிளறி, ஆறாம் மூடியைப் போட்டாள். வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு மணிக்கு ஓர்லா ரோவனையும் ஆல்டரையும் இடம் மாற்றினாள். ரோவனின் குளம்பை வெந்நீரில் ஊறவைக்க வேண்டியிருந்தது, ஒன்பதாம் கொட்டில் குழாய்க்குப் பக்கம். குதிரைகளை இடம் மாற்றிவிட்டதாக மெரியலுக்குப் போனில் செய்தி அனுப்பினாள். மெரியல் படித்தாள்.

செவ்வாய் பத்து மணிக்கு நான் ஆல்டருக்குப் புது லாடம் அடித்துக்கொண்டிருந்தேன். சேற்றில் வழுக்காமலிருக்க ஆணி திருகும் துளைகளோடு நாலு லாடம். மூன்று கால் முடிந்திருந்தது. மெரியல் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓர்லா பின்னால் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“இன்னைக்கு நோட்டுல எழுத ஒன்னு கிடைச்சிருக்கு” என்றாள் மெரியல்.

“என்ன, சாணி எந்தத் திசையில விழுந்துச்சுன்னா?”

“சிரிங்க, பெரியவரே. கொட்டில் மாறின விஷயம். நேத்து நான் வாளி கலந்தப்ப ரோவன் ஆறுல இருந்தான். காலையில ஒன்பதுல இருக்கான். யோசிக்காம மூடியைப் பார்த்துக் கொடுத்திருந்தேன்னா என்ன ஆகியிருக்கும்? நான் யோசிச்சேன். ஆறாம் மூடியை ஒன்பதுக்கும், ஒன்பதாம் மூடியை ஆறுக்கும் மாத்திக் கொண்டுபோனேன். யாரும் சொல்லல, நானே செஞ்சேன்.”

துடைப்பத்தின் சத்தம் நின்றது.

“நீ மாத்தினியா?” என்றாள் ஓர்லா.

“ஆமா.”

“காலையில?”

“ஆமா. ஏன்?”

“நான் நேத்து சாயங்காலமே மூடியை மாத்தி வச்சேன்.”

நான் கையிலிருந்த காலைக் கீழே விட்டேன். விஷயம் எனக்கு உடனே புரியவில்லை. மெரியலுக்கும் புரியவில்லை. அவள் உதடு எண்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் தூள் ரோவனுக்குப் போயிருக்கும். இரண்டு பேருமே மாற்றாமல் இருந்திருந்தால் ஆல்டருக்குப் போயிருக்கும். இரண்டு பேரும் மாற்றியிருந்தாலும் ஆல்டருக்குத்தான். கவனமில்லாத இரண்டு பேரும் கவனமான இரண்டு பேரும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். இதை அன்று இரவு காகிதத்தில் எழுதிப் பார்த்தபோதுதான் எனக்கே தெளிவாயிற்று.

“அப்ப இவனுக்கா போச்சு?” என்று மெரியல் ஆல்டரின் மூக்கைப் பார்த்தாள். அது அவளுடைய சட்டைப் பொத்தானை நக்கிக்கொண்டிருந்தது.

“இரு” என்றாள் ஓர்லா. “இரு. மாத்தினேனா?”

“இப்பத்தானே மாத்தினேன்னு சொன்னே.”

“மாத்தணும்னு போனேன். ரெண்டு மூடியையும் எடுத்துட்டேன். கையில இருந்துச்சு. அப்ப வைக்கோல்காரன் போன் பண்ணினான்.”

“அப்புறம்?”

“பேசினேன்.”

“மூடியை என்ன பண்ணினே?”

“போட்டேன். போடாமலா வருவேன்?”

“எதுக்கு எதைப் போட்டே?”

ஓர்லா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள். இல்லாத மூடிகளைப் பிடித்திருப்பதுபோல. வலது கையை இடது பக்கம் கொண்டுபோனாள். திருப்பிக் கொண்டுவந்தாள். ஒரு கையைக் காதுக்குக் கொண்டுபோய், போன் பிடிப்பதுபோல் வைத்துப் பார்த்தாள். அப்போது இரண்டு மூடிகளும் ஒரே கையில் இருந்திருக்க வேண்டும்.

“தெரியல” என்றாள்.

பிறகு நாங்கள் மூன்று பேரும் தேடினோம். என்ன தேடுகிறோம் என்று யாருக்கும் நிச்சயமில்லை. வாளிகளை ஏழு மணிக்கே மெரியல் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். மூடிகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. பொட்டலங்களை எண்ணினாள் ஓர்லா. கணக்கு சரியாக இருந்தது. ஒரு பொட்டலம் ஒரு குதிரையின் வயிற்றுக்குள் போயிருக்கிறது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லவில்லை.

“எடை” என்றேன். “ஆல்டருக்கு ஓட்ஸ் நிறைய. ரோவன் ஓய்வுல இருக்கான், அவனுக்கு வெறும் தவிடும் கூழும். ரெண்டு வாளியையும் ஒரே நேரத்துல தூக்கினியா?”

“தூக்கினேன். ஒரு கை கனத்துச்சு.”

“எந்தக் கை?”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். “வலது. வலது கைதான். ஆனா அது இன்னைக்கா நேத்தா? தினமும் தூக்கறேன், லென். தினமும் ஒரு கை கனக்குது.”

ரோவனை வெளியே கொண்டுவந்து நடக்கவிட்டார்கள். தூள் போகவில்லையென்றால் கால் வலிக்க வேண்டும் என்பது ஓர்லாவின் யோசனை. ரோவன் நன்றாக நடந்தது. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

“சீழ் வெளியே வந்து மூனு நாள் ஆச்சு” என்றேன். “தூள் தின்னாலும் நடப்பான், தின்னலன்னாலும் நடப்பான்.”

“உங்க கை இவ்வளவு நல்லா இருந்திருக்க வேண்டாம்” என்றாள் ஓர்லா.

ஃபிரான் அப்போது மலைமேல் இன்னொரு குதிரையை ஓட்டப் போயிருந்தாள். பதினோரு மணிக்கு வந்துவிடுவாள். ஓர்லா தேநீர் போட்டாள். யாரும் குடிக்கவில்லை. நான் ஆல்டரிடம் திரும்பிப் போய் நாலாவது குளம்பைச் சீவத் தொடங்கினேன். அவர்கள் இரண்டு பேரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள்.

“கேளு” என்றாள் ஓர்லா. “நான் யோசிச்சுட்டேன். நான் மாத்தல.”

“எப்படித் தெரியும்?”

“போன் வந்தா நான் கையில இருக்கறதை இருந்த இடத்துலயே வச்சுடுவேன். எப்பவும் அப்படித்தான். அப்ப ஆறு ஆறுலயும் ஒன்பது ஒன்பதுலயும் போயிருக்கும். நீ காலையில மாத்தினே. முடிஞ்சுது. ரோவன்தான் தின்னான்.”

“ஆனா முதல்ல கேட்டப்ப மாத்தி வச்சேன்னு சொன்னியே. யோசிக்காமலே சொன்னே.”

“யோசிக்காம சொன்னது. இது யோசிச்சுச் சொல்றது.”

“எது நிஜம்?”

“அம்மாடி, எனக்கு வர்ற கோபத்துக்கு இந்தத் துடைப்பத்தால ஒன்னு வைப்பேன். நான் மாத்தலன்னு சொல்றேன்ல? என் பேச்சை எடுத்துக்கோ. மூனு வாரத்துல உனக்குத் தேர்வு. உன் ஃபாரத்துல ஃபிரான் கையெழுத்துப் போட்டாத்தான் தேர்வாளரே வருவார். தேவையா உனக்கு?”

ஓர்லாவைக் கெட்டவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவள் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததாக முடிவு செய்துகொண்டாள். நாம் எல்லோரும் ஒரு நாளில் பத்து முறை செய்கிற காரியம்தான் அது. அப்படிச் செய்யாவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பவே முடியாது.

மெரியல் என்னிடம் குனிந்து, “லென், நான் மாத்தினது நிஜம்தானே?” என்றாள்.

“நான் எப்படிச் சொல்றது? நான் வந்ததே ஒன்பது மணிக்கு.”

“மாத்தணும்னு நினைச்சது நல்லா ஞாபகம் இருக்கு. தீனி அறை வாசல்ல நின்னு நினைச்சேன். அப்புறம் ஒன்பதுல ரோவன் மூக்கை நீட்டினது ஞாபகம் இருக்கு. நடுவுல ஒன்னும் இல்ல.”

இப்படியாக, காலையில் அவளிடம் உறுதியாக இருந்த ஒரே விஷயமும் போய்விட்டது.

பதினொன்றே கால் மணிக்கு ஃபிரான் ஒரு சாம்பல் குதிரையில் வந்து இறங்கினாள். சேறு அவள் முகம்வரை தெறித்திருந்தது. நல்ல மனநிலையில் இருந்தாள். “கீழே மைதானம் காஞ்சிருக்கு. நாளைக்கு மழை இல்ல” என்றாள். ஓர்லா குதிரையை வாங்கிக்கொண்டு மெரியலைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். மெரியலுக்கும் தெரிந்திருக்கும்.

“ஃபிரான், ஒரு விஷயம்” என்றாள் மெரியல்.

சொல்லத் தொடங்கினாள். ஆறு, ஒன்பது, மூடி, வாளி என்று ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு வந்தது. ஃபிரான் இரண்டு முறை நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுக் கேட்டாள்.

“சுருக்கமா சொல்லு. ஆல்டர் தூளைத் தின்னானா இல்லையா?”

“தெரியல.”

“தின்னிருப்பான்னு நினைக்கிறியா?”

“காலையில நினைக்கல. பத்து மணிக்கு நினைச்சேன். இப்ப தெரியல.”

“நீ மாத்திக் கொடுத்தியா?”

“கொடுத்தேன்னுதான் நினைச்சேன்.”

“ஓர்லா?”

“நான் மூடியை மாத்தல” என்றாள் ஓர்லா. அந்தக் குரல் அவ்வளவு திடமாக இல்லை.

ஃபிரான் நடைபாதையில் கிடந்த கவிழ்த்த வாளி ஒன்றின்மேல் உட்கார்ந்தாள். “இதை எதுக்கு என்கிட்ட சொன்னே?”

மெரியல் விழித்தாள். “சொல்லணும்ல?”

“தின்னுட்டான்னு தெரிஞ்சா சொல்லலாம். தின்னலன்னு தெரிஞ்சா சொல்ல ஒன்னும் இல்ல. தெரியலன்னு வந்து சொன்னா நான் என்ன பண்றது? பத்து நிமிஷம் முன்னாடி நான் சந்தோஷமா போட்டிக்குப் போறவ. சோதனையில மாட்டியிருந்தாக்கூட, எனக்குத் தெரியாதுன்னு மனசறிஞ்சு சொல்லியிருப்பேன். இப்ப அதுவும் முடியாது. உனக்குத் தெரியாததை எனக்கும் தெரியாததா ஆக்கிட்டே.”

“மன்னிச்சுக்குங்க” என்றாள் மெரியல். எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை என்பது முகத்தில் இருந்தது.

“லென், நீங்க என்ன சொல்றீங்க?”

நான் ஆணியைக் கடித்துக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டு, “எனக்குக் குளம்புக்கு மேல எதுவும் தெரியாது” என்றேன். அது கோழைத்தனம். அப்போதும் எனக்குத் தெரிந்தது. “இந்தக் காலை முடிக்கவா, வேண்டாமா?” என்று வேறு கேட்டேன்.

“முடிங்க. பின்ன மூனு கால்லயா நிப்பான்?”

நான் கடைசி லாடத்தை அடித்து முடிக்கும்வரை ஃபிரான் எழுந்திருக்கவில்லை. ஆல்டர் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. அதன் உடம்பில் எங்கேயோ, நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து தேடியும் கிடைக்காத அந்தச் செய்தி இருந்தது. அல்லது இல்லாமல் இருந்தது.

“ரத்தம் எடுத்து அனுப்பலாம்” என்றாள் ஓர்லா. “அஞ்சு நாள்ல முடிவு வந்துடும்.”

“போட்டி முடிஞ்சப்புறம் வரும்.”

“வரட்டும். நான் மாத்தலன்னு தெரியும்ல?”

“தெரிஞ்சா?” ஃபிரான் எழுந்தாள். “தெரிஞ்சா நான் யாரையாவது ஏதாவது சொல்லணும். என்கிட்ட இருக்கறது நீங்க ரெண்டு பேரு. ரத்தம் வேண்டாம். போட்டியும் வேண்டாம்.”

அவள் வீட்டுக்குள் போய்ப் போட்டி நடத்துபவர்களுக்குப் போன் செய்தாள். குதிரையை விலக்கிக்கொள்வதாகச் சொன்னாள். காரணம் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. “எங்களுக்கே தெரியல” என்று சொன்னது ஜன்னல் வழியாக வெளியே கேட்டது. அன்று பிற்பகல் மெரியல் லாரியில் ஏற்றி வைத்திருந்த சேணம், போர்வை, வாளி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் திரும்ப இறக்கினாள். யாரும் உதவிக்கு வரவில்லை. நானும் அடுத்த லாயத்துக்குப் போய்விட்டேன்.

வழியில் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டு போனேன். மெரியல் செய்ததைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணிந்தவளுக்கு ஒரு பக்கம் தெரிந்திருக்க வேண்டும். இவளுக்கு எந்தப் பக்கமும் தெரியவில்லை. நேர்மை என்று சொல்லலாமா என்றால், உண்மையைச் சொல்வதைத்தான் நேர்மை என்கிறோம். அவள் கையில் உண்மை எதுவும் இல்லை. தன்னிடம் இல்லாததைக் கொண்டுபோய் இன்னொருத்தியின் மேஜைமேல் வைத்தாள், அதனால் ஒரு நல்ல குதிரையின் ஒரு வருஷம் போயிற்று. அது போக வேண்டியதுதானா, போகத் தேவையில்லாததா என்று இனி ஒருபோதும் தெரியாது. ஓர்லா சொன்னதை ஏற்றுக்கொண்டிருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று கேட்டுப் பார்த்தேன். பதில் வந்தது. அது கேட்கிற நேரத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருந்தது.

தேர்வுக்கான ஃபாரம் தீனி அறை ஜன்னலில் ஒன்பது நாள் கிடந்தது. மெரியல் கேட்கவில்லை. ஓர்லா அவளிடம் குதிரை விஷயம் தவிர வேறு பேசவில்லை. ஃபாரத்தில் முதலாளிக்கு ஒரு கேள்வி இருந்தது: மேற்பார்வை இல்லாமல் இவரிடம் லாயத்தை ஒப்படைக்க முடியுமா? ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள்.

ஒரு நாள் ஃபிரான் அதை எடுத்துக்கொண்டு மெரியலிடம் வந்தாளாம்.

“நான் என்ன போடட்டும்?”

“உங்களுக்குத் தோணுறதை.”

“எனக்குத் தோணுறது நாளுக்கு ஒன்னா இருக்கு. திங்கக்கிழமை உன்னை வேலையை விட்டு அனுப்பியிருப்பேன். நேத்து சாவியை உன் கையில கொடுத்துட்டு ஊருக்குப் போயிருப்பேன்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்குப் புதன்” என்று சொல்லி, ‘ஆம்’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

தேர்வாளர் வந்தார். வெளியூர்க்காரர், மழைச்சட்டையைக் கடைசிவரை கழற்றாதவர். மெரியல் கட்டுப் போட்டாள், லாரியில் குதிரையை ஏற்றி இறக்கினாள், நொண்டும் குதிரையில் சரியான காலைச் சொன்னாள். எப்படிச் சரியாக வந்தது என்று கேட்டதற்குத் தெரியாது என்றாள் என்னிடம். கடைசியில் உட்கார்ந்து பேசும் பகுதி. உங்கள் பொறுப்பில் நேர்ந்த ஒரு தவறைச் சொல்லுங்கள் என்று அவர் கேட்டார். அவள் வாளிக் கதையைச் சொன்னாள். ஆறையும் ஒன்பதையும் இந்தத் தடவை நிதானமாகச் சொன்னாளாம்.

“விளைவு என்ன ஆயிற்று?” என்று கேட்டார்.

“தெரியாது.”

அவர் காத்திருந்தார். அவளும் காத்திருந்தாள். பிறகு அவர் எதையோ எழுதிக்கொண்டு குடற்புழு மருந்து பற்றிய கேள்விக்கு நகர்ந்துவிட்டார்.

முடிவு வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஓர்லாவும் ஃபிரானும் வேறு இரண்டு குதிரைகளோடு ஒரு சின்னப் போட்டிக்குப் போயிருந்தார்கள். லாயத்தில் மெரியல் மட்டும். தேர்ச்சி. என் குனிந்த தலைக்குக் கீழே காகிதத்தை நீட்டினாள்.

“இதைப் பாருங்க, லென். பேசற பகுதியில பொறுப்புக்கு மூனுக்கு ரெண்டு போட்டிருக்காங்க.”

“நல்ல மார்க்தானே.”

“அதைச் சொல்லல. அந்தத் தப்புக்காக ஒன்னைக் குறைச்சாங்களா, இல்ல அதைப் போய்ச் சொன்னதுக்காக ரெண்டு கொடுத்தாங்களா?”

“கேட்டுப் பார்த்தியா?”

“எழுதிக் கேட்டேன். காரணம் சொல்ல வழக்கமில்லைன்னு பதில் வந்துச்சு.”

கொஞ்ச நேரம் காகிதத்தைத் தூரமாகவும் பக்கமாகவும் வைத்துப் பார்த்தாள். பிறகு அதை மடித்துக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏழாம் கொட்டில் குதிரை காலையிலிருந்து தண்ணீர் குடித்த மாதிரியும் இருக்கிறது, குடிக்காத மாதிரியும் இருக்கிறது, மருத்துவரைக் கூப்பிடலாமா என்று என்னைக் கேட்டாள். கேட்ட உடனே, “இல்ல, நீங்க சொல்லாதீங்க” என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு ஏழாம் கொட்டில் கதவுப் பக்கம் போய் நின்றாள். நெடுநேரம் நின்றாள். நான் அடுத்த காலைத் தூக்கினேன்.